டர்பனில் இருந்தபடி எழுதிப் பிழைப்பது எப்படி: ஃப்ரீலான்ஸ் எழுத்தாளருக்கு முழுமையான வழிகாட்டி

"எனக்கு இங்கிலீஷும் நல்லா வரும், தமிழும் வரும். வீட்டுல இருந்தே எழுதிச் சம்பாதிக்கணும். எங்கே ஆரம்பிக்கிறது?" தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கேட்பவர் எதிர்பார்ப்பது ஏதோ ஒரு வெப்சைட்டின் பெயரை. நான் முதலில் சொல்வது, பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள் என்பதைத்தான்.

அடுத்துச் சொல்வது இது: உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய கட்டுரைக்கு நீங்களும் வரிசையில் நிற்காதீர்கள். தமிழ் தெரிந்து, டர்பனில் குடியிருந்து, நாலு கோயிலுக்கும் நாலு வீட்டுக்கும் போய்வரக்கூடிய ஆள் என்பதாலேயே கிடைக்கிற வேலைகள் உண்டு. மாதாமாதம் வாடகை கட்ட உதவுவது பெரும்பாலும் அவைதான்.

படி 1: விசா என்ன சொல்கிறது?

தென்னாப்பிரிக்காவுக்கு வேலை விசாவில் வந்தவரின் கணவருக்கோ மனைவிக்கோ பெரும்பாலும் கிடைப்பது நீண்டகால விசிட்டர் விசா. அதை வைத்து வேலை செய்ய முடியாது. "காசு தருகிறவன் லண்டனில் இருக்கிறான், நான் வீட்டு மேசையில் உட்கார்ந்து தட்டுகிறேன், இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று வாதிடுகிறவர்கள் நிறையப் பேர். இங்குள்ள குடிவரவுச் சட்டத்தில் வேலை என்றால் அலுவலக வேலை மட்டுமில்லை, தொழில் நடத்துவதும் அதற்குள் வரும். பின்னால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போது வங்கிக் கணக்குத் தாள்களையும் கேட்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

தென்னாப்பிரிக்கக் குடிமகனையோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவரையோ திருமணம் செய்தவர்களுக்குக் குடிவரவுச் சட்டத்தின் 11(6) பிரிவின் கீழ் விசா கிடைக்கும். வேலை அல்லது சொந்தத் தொழில் செய்யும் அனுமதியை அதிலேயே சேர்த்துக் கேட்கலாம். விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். நிரந்தர வசிப்புரிமை ஏற்கெனவே கையில் இருந்தால் கவலையே இல்லை.

2024இல் விதிகளைத் திருத்தி, வெளிநாட்டு நிறுவனத்துக்காக இங்கிருந்து வேலை செய்பவர்களுக்கென்று தனி விசா கொண்டுவந்தார்கள். ஆண்டு வருமானம் சுமார் 6.5 லட்சம் ராண்டுக்குக் குறையக் கூடாது என்பது நிபந்தனை. ஒரே நிறுவனத்தில் நல்ல சம்பளம் வாங்குகிறவருக்கு அது பொருந்தும். பத்து இடத்தில் துண்டு துண்டாக எழுதுகிறவருக்கு, அதுவும் புதிதாகத் தொடங்குகிறவருக்கு, அந்தக் கதவு திறப்பது கஷ்டம். உங்கள் விஷயத்தில் சந்தேகம் இருந்தால் குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் கேட்காதீர்கள்.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் படியே தேவையில்லை. ஆனால் அவர்களில் இதைத் தமிழில் படிக்கக்கூடியவர்கள் குறைவு. அதிலும் நமக்கு ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

படி 2: ஒரு நாளுக்கு எவ்வளவு வேண்டும்?

சொல்லுக்கு எவ்வளவு கேட்பது என்று தொடங்காதீர்கள். வீட்டுச் செலவிலிருந்து தொடங்குங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் பங்காக வீட்டுக்கு மாதம் 24,000 ராண்ட் தேவை என்று வைத்துக்கொள்வோம். வருமான வரிக்கு 4,800 எடுத்து வைக்க வேண்டும் (இந்தத் தொகை எப்படி வந்தது என்பதைக் கடைசிப் படியில் பார்க்கலாம்). ஃபைபர் இணைப்பு, மென்பொருள், வங்கிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 2,000. வேலை வராத மாதத்துக்கு 1,200. மொத்தம் 32,000.

மாதத்தில் சுமார் 20 வேலை நாள். அத்தனையும் காசு தரும் நாட்களாக இருக்காது. கடிதம் எழுத, கிளையன்டைத் துரத்த, கணக்கு எழுத, மின்தடையில் உட்கார்ந்திருக்க என்று எட்டு நாள் போய்விடும். மிச்சம் 12. அப்படியானால் ஒரு நாள் உழைப்புக்கு 2,700 ராண்ட் வர வேண்டும். திருத்திச் செப்பம் செய்த 1,000 சொல்லை ஒரு நாளில் உங்களால் கொடுக்க முடியுமென்றால், சொல்லுக்கு 2 ராண்ட் 70 சென்ட்.

இந்த எண்ணைத் தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள். சொல்லுக்கு 40 சென்ட் தருகிறேன், தொடர்ந்து வேலை தருகிறேன் என்று ஒருவர் வந்தால், அவரிடம் மாதம் முழுவதும் உழைத்தாலும் வாடகை தேறாது என்று அந்தத் தாளே காட்டிவிடும். மறுக்கத் தயங்குகிறவர்களுக்கு, நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலோர் தயங்குவார்கள், அது நல்ல துணை.

படி 3: எதை எழுதுவது?

முதலில் எதை விடுவது என்று பார்ப்போம். "உடல் எடை குறைக்கப் பத்து வழிகள்" வகைக் கட்டுரைகளை இப்போது இயந்திரம் எழுதித் தள்ளுகிறது. அந்தச் சந்தையில் விலை சரிந்து போயாயிற்று. இனி அது ஏறும் என்று நான் நம்பவில்லை. சென்னைத் தமிழ்ப் பத்திரிகைகளில் எழுதுவது வேறு கதை. அதில் மரியாதை உண்டு, வாசகர் உண்டு, சன்மானமும் வரும், ஆனால் அதை ராண்டாக மாற்றினால் ஒரு வாரக் காய்கறிக்கு ஆகும். நான் இன்னும் எழுதுகிறேன், ஆசைக்காக. வருமானக் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை.

சரி, எது காசு தரும்?

ஒன்று, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் செய்யும் வேலை. செயலிகள், மருத்துவப் படிவங்கள், பாடத்திட்டங்கள், சப்டைட்டில். உலகம் முழுவதும் உள்ள மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் இதைப் பகிர்ந்து கொடுக்கின்றன. ப்ரோஸ் (ProZ.com) என்ற மொழிபெயர்ப்பாளர் தளத்தில் பெயர் பதிந்து வைத்தால் விசாரணை வரும். இப்போது வருவதில் பெரும்பகுதி, இயந்திரம் மொழிபெயர்த்ததை நீங்கள் திருத்தித் தர வேண்டிய வேலை. திருத்துவதுதானே என்று பாதி விலை சொல்வார்கள். சில நேரம் புதிதாக எழுதுவதைவிட அது அதிக நேரம் தின்னும். அதனால் ஒரு பக்கம் சோதித்துப் பார்த்துவிட்டு மணிக்கு இவ்வளவு என்று விலை சொல்லுங்கள். புதிய மொழிபெயர்ப்பு என்றால் ஆங்கில மூலத்தின் சொல் எண்ணிக்கைக்குத்தான் விலை பேச வேண்டும். வேற்றுமை உருபு எல்லாம் தமிழில் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், அதே பக்கம் தமிழில் மிகக் குறைந்த சொற்களில் முடிந்துவிடும். தமிழ்ச் சொல்லை எண்ணிக் காசு வாங்கினால் நஷ்டம் உங்களுக்கே.

இரண்டு, சான்றிதழ்கள். தமிழ்நாட்டில் பழைய பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, பள்ளிச் சான்று எல்லாம் தமிழில்தான் இருக்கும். இங்கே உள்துறை அலுவலகத்தில் கொடுக்க, உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டும். அந்தத் தகுதியைத் தருவது உயர்நீதிமன்றம், அதன் 59ஆம் விதிப்படி. விண்ணப்பிக்க வழக்கறிஞர் செலவு உண்டு, காத்திருக்கவும் வேண்டும். சிறிய வேலைதான், நாடகமும் இல்லை, ஆனால் கையோடு காசு. தென்னாப்பிரிக்க மொழிபெயர்ப்பாளர் கழகமான சாட்டியில் சேர்ந்தால் வழிமுறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, இங்கே இருப்பவருக்கு மட்டுமே வாய்ப்பது: இந்த ஊர்த் தமிழர்களுக்காக எழுதுவது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் வந்து நின்றது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இப்போது ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் தேவாரம் பாடுகிறார்கள், காவடி எடுக்கிறார்கள், ஆடியில் கூழ் ஊற்றுகிறார்கள். பாடுவதற்கு ஆங்கில எழுத்தில் அச்சிட்ட பாட்டுப் புத்தகம் வேண்டும். பழைய புத்தகங்களில் ஒரே பதிகம் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும், பொருள் இருக்காது. அதைச் சரிபார்த்து, உச்சரிப்பு ஒழுங்குபடுத்தி, இரண்டு வரி ஆங்கில விளக்கம் சேர்த்துக் கொடுப்பது ஒரு வேலை. கோயில் ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர், ஈமச் சடங்குக் கையேடு எல்லாம் இதே வகை.

கோயில் கமிட்டியிடம் விலை பேசும்போது மட்டும் ஒரு சங்கடம் வரும். "சாமி காரியம்தானே" என்பார்கள். நீங்கள் ஒரு பகுதியைக் காணிக்கையாகச் செய்வதானால் அது எந்தப் பகுதி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பிழைதிருத்தம் இலவசம், புதிதாக எழுதுவதற்குக் கட்டணம். வேலை முடிந்தபிறகு பேசினால் எல்லாமே காணிக்கையாகிவிடும்.

இதோடு சேர்ந்தது குடும்ப வரலாறு. ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு. குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி லுத்துலி ஆவண மையம் இந்த வகைத் தேடலுக்கு நல்ல இடம். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் ஊர் எது என்று கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள். பட்டியலில் எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர் இருக்கும். வட ஆற்காடு ஜில்லா, "போலூர்" என்று பார்த்தால் நமக்கு உடனே போளூர் என்று புரியும். அவர்களுக்குப் புரியாது, கூகுளுக்கும் பல நேரம் புரியாது. ஊரைக் கண்டுபிடித்து, தோட்டத்தின் பெயர், ஒப்பந்த காலம், பாட்டி சொன்ன கதை எல்லாவற்றையும் சேர்த்து முப்பது நாற்பது பக்கப் புத்தகமாக்கிக் கொடுத்தால், குடும்ப விழாவில் உறவினர் எல்லோருக்கும் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். ஒரு புத்தகம் முடிவதற்குள் அந்தக் குடும்பத்தின் சம்பந்தி வீட்டிலிருந்து அடுத்த அழைப்பு வந்துவிடும். கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் தேடிய நேரத்துக்குக் கட்டணம் உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். எல்லாப் பதிவும் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இல்லாத ஊரை இட்டுக்கட்டி நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நான்கு, வெளிநாட்டு இதழ்களுக்கு இங்கிருந்து ஆங்கிலத்தில் எழுதுவது. பயணம், உணவு, சுற்றுச்சூழல், துறைமுக வணிகம். லண்டனிலிருந்து ஆளை விமானத்தில் அனுப்புவதைவிட உங்களிடம் கேட்பது அவர்களுக்கு மலிவு. நேரில் போக வேண்டிய, ஆட்களிடம் பேச வேண்டிய கட்டுரைகளுக்கு இன்னும் நல்ல விலை இருக்கிறது.

படி 4: பிட்ச் கடிதம்

மாதிரி கேட்டால் காட்ட மூன்று துண்டு போதும். அச்சில் வந்திருக்க வேண்டும் என்று இல்லை, ஆனால் நீங்கள் விற்கப்போகும் வகையிலேயே இருக்க வேண்டும். கவிதைத் தொகுப்பைக் காட்டிச் சப்டைட்டில் வேலை கேட்கக் கூடாது.

பிட்ச் என்பது, இந்தக் கட்டுரையை எழுதித் தரட்டுமா என்று இதழ் ஆசிரியரிடம் கேட்கும் கடிதம். அதில் பலரும் தங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார்கள். "தென்னாப்பிரிக்கத் தமிழர் பண்பாடு குறித்துக் கட்டுரை எழுத விரும்புகிறேன்" என்று கடைசியில் ஒரு வரி. அது தலைப்புதான், கதை இல்லை. கதை இருக்கிற கடிதம் இப்படி இருக்கும், நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

"டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று பெருந்திருவிழா. கிறிஸ்தவர்களின் துக்க நாளில் அம்மனுக்குத் திருவிழா வந்ததற்குக் கரும்புத் தோட்டம் காரணம்: கூலிகளுக்கு விடுமுறை கிடைத்தது ஈஸ்டரில்தான். இந்த ஆண்டு சமையல் கூடத்திலிருந்து திருவிழாவைப் பார்த்து எழுதப் போகிறேன். முதல்நாள் இரவு அரிசி களைவதிலிருந்து கடைசிப் பந்திவரை. 1,400 சொல், படங்களும் தருவேன். கமிட்டியின் அனுமதி வாங்கியாயிற்று."

எங்கே, என்றைக்கு, ஏன், யாரோடு, எவ்வளவு நீளம். அனுமதி வாங்கியாயிற்று என்ற கடைசி வரிதான் ஆசிரியரை நம்ப வைக்கும், அதனால் உண்மையிலேயே வாங்கிவிட்டு எழுதுங்கள். பருவத்தோடு ஒட்டிய கதையைப் பல மாதம் முன்பே அனுப்ப வேண்டும். மார்ச் மாதத்தில் ஈஸ்டர் கதையைக் கேட்க அச்சிதழ்களில் ஆள் இருக்காது.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து இரண்டு வரி நினைவூட்டல். அப்புறமும் வராவிட்டால் அடுத்த இதழ்.

படி 5: ஒப்பந்தம்

நீளம், கெடு, எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் (இரண்டு முறை போதும்), தொகை, எந்த நாணயம், எத்தனை நாளில் பணம், கட்டுரையைக் கைவிட்டால் எவ்வளவு. வழக்கறிஞர் மொழி வேண்டாம். இதையெல்லாம் ஒரு மின்னஞ்சலில் எழுதி, "ஒப்புக்கொள்கிறேன்" என்று பதில் வாங்கினால் பெரும்பாலான வேலைக்கு அது போதும்.

பதிப்புரிமை பற்றி ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்காமல் ஃப்ரீலான்சாக எழுதியதன் உரிமை எழுதியவருக்கே. கையெழுத்திட்டு எழுத்தில் மாற்றிக் கொடுத்தால் மட்டுமே அது கைமாறும். பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் "எல்லா உரிமையும் எங்களுக்கே" என்று இருக்கும். மொழிபெயர்ப்பு வேலைக்கு அது சகஜம், விட்டுக்கொடுக்கலாம். நீங்கள் தேடி எழுதிய கட்டுரைக்கு விட்டுக்கொடுத்தால் அதைத் தமிழில் எழுதும் உரிமையும் சேர்ந்து போய்விடும். குறைந்தபட்சம் தமிழ் உரிமையை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், அவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

புதிய கிளையன்ட் என்றால் பாதிப் பணம் முன்பணம். உள்ளூர்க்காரர் பணம் தராமல் இழுத்தடித்தால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. 2019இல் அதன் வரம்பை 20,000 ராண்டாக உயர்த்தினார்கள், வழக்கறிஞர் வைக்கவே கூடாது, நீங்களே போய்ப் பேசலாம். வெளிநாட்டுக்காரர் ஏமாற்றினால் செய்யக்கூடியது அதிகமில்லை. ஒரு பதிப்பகத்திடமிருந்து எனக்கு வர வேண்டிய தொகை, கணக்காளர் லீவில் இருக்கிறார் என்ற ஒரே பதிலோடு ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டது. அதனால்தான் முன்பணம்.

படி 6: பணம் எந்த வழியாக வரும்?

வெளிநாட்டிலிருந்து உங்கள் வங்கிக்குப் பணம் வந்தால் அது நேராகக் கணக்கில் விழாது. முதலில் செய்தி வரும், அல்லது ஒரு அழைப்பு: "இது என்ன பணம்? சம்பளமா, அன்பளிப்பா, சேவைக்கான கட்டணமா?" தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கிக்காக ஒவ்வொரு தொகைக்கும் ஒரு வகை எண்ணை அவர்கள் குறிக்க வேண்டும். நீங்கள் சொல்ல வேண்டியது சேவைக்கான கட்டணம் என்று, இன்வாய்ஸ் எண்ணோடு. வேகமாக முடியும் என்று அன்பளிப்பு எனச் சொல்லாதீர்கள். வரி அலுவலகத்தில் ஒரு கதையும் வங்கியில் வேறு கதையும் இருந்தால் இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டி வரும். இங்கிருந்து உழைத்துச் சம்பாதித்த அந்நியச் செலாவணியை வெளியிலேயே நிறுத்தி வைப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு, 30 நாளுக்குள் உள்ளே கொண்டுவர வேண்டும்.

பேபால் வழியாக வருவதை எஃப்என்பி வங்கிக் கணக்கின் மூலமாகத்தான் இங்கே எடுக்க முடியும். பயோனியர் (Payoneer) என்ற பணப் பரிமாற்றச் சேவையும் வேலை செய்கிறது. வங்கிகள் ஒவ்வொரு வரவுக்கும் குறைந்தபட்சக் கட்டணம் பிடிப்பதால், சில்லறை இன்வாய்ஸ்களைச் சேர்த்து மாதம் ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். ராண்ட் ஏறும், இறங்கும். டாலரில் விலை பேசினாலும் வீட்டுக் கணக்கை, ராண்ட் வலுவாக இருக்கும் மாதத்தை வைத்துப் போடுங்கள்.

நேரமும் மின்சாரமும்

சென்னையில் காலை ஒன்பதரை என்றால் டர்பனில் ஆறு மணி. லண்டனுக்கும் நமக்கும் ஒரு மணியோ இரண்டு மணியோதான் வித்தியாசம். நியூயார்க் மதியத்துக்கு மேல் விழிக்கும். கோடையில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடுவதால் சென்னை வேலையைக் காலையிலேயே முடித்துவிட்டு லண்டனுக்குத் திரும்பலாம். லோட் ஷெடிங் என்று இங்கே சொல்லும் முறைவைத்த மின்வெட்டு 2023இல் இருந்ததுபோல் இப்போது இல்லை என்றாலும், ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வையுங்கள்.

படி 7: வரி

இங்கே வரி ஆண்டு மார்ச் 1இல் தொடங்கி பிப்ரவரி கடைசியில் முடியும். இங்கேயே குடியிருப்பவராகக் கருதப்பட்டால் உலகில் எங்கிருந்து வந்த வருமானத்துக்கும் சார்ஸுக்கு (தென்னாப்பிரிக்க வரித் துறை, SARS) கணக்குக் காட்ட வேண்டும், இந்திய வங்கி வட்டி உட்பட. இந்தியாவோடு இரட்டை வரி ஒப்பந்தம் இருப்பதால் இரண்டு இடத்திலும் முழுதாகக் கட்டும் நிலை வராது, ஆனால் காட்டாமல் விடுவதற்கு அது சாக்கு இல்லை.

ஃப்ரீலான்ஸ் வருமானம் உள்ளவர் சார்ஸின் இணையத் தளமான இ-ஃபைலிங்கில் தற்காலிக வரி செலுத்துபவராக (provisional taxpayer) பதிந்து, ஐஆர்பி6 படிவத்தில் ஆண்டுக்கு இருமுறை, ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும், உத்தேசமாகக் கணக்கிட்டுக் கட்ட வேண்டும். 2025-26 விகிதப்படி 65 வயதுக்குக் கீழ் இருப்பவருக்கு 95,750 ராண்ட் வரை வரி இல்லை. நம் கணக்கில் மாதம் 32,000இல் தொழில் செலவு 2,000 போக ஆண்டு வருமானம் 3,60,000. முதல் 2,37,100க்கு 18 சதவீதம், மேலே உள்ளதுக்கு 26 சதவீதம். 74,632 வருகிறது. அதில் அடிப்படைத் தள்ளுபடி 17,235 கழிந்தால் 57,397. மாதத்துக்கு 4,800 என்று முன்பு எழுதியது அதுதான். பணம் வந்த அன்றே இதைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். இந்த அளவு வருமானத்துக்கு வாட் பதிவு கட்டாயமில்லை.

கணினி, இணையம், உறுப்பினர் சந்தா, கதைக்காகப் போன பெட்ரோல் எல்லாம் செலவில் கழியும், ரசீது இருந்தால். வீட்டு அறையையும் கழிக்கலாம், ஆனால் அந்த அறை வேலைக்கு மட்டுமே என்று இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் எழுதுகிறவர் அதைக் கேட்காமல் இருப்பது நல்லது.

விலையை உயர்த்தும் கடிதத்தை ஜனவரி கடைசியில் அனுப்பி, மார்ச் 1 முதல் புதிய விலை என்று போடுங்கள். வரி ஆண்டும் அன்றே தொடங்குவதால் கணக்குக் குழம்பாது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டாம். மிகக் குறைவாகத் தருகிறவரிடம் முதலில் கேளுங்கள். அவர் போய்விட்டால் இழப்பு சிறியது, ஒப்புக்கொண்டால் அடுத்தவரிடம் கேட்கத் தைரியம் வரும்.